ட்ரியர்: ஒரு பழைய பொய்யை வாசித்தல்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், லக்சம்பர்க் எல்லைக்குப் பக்கத்தில், மோசல் ஆற்றங்கரையில் ட்ரியர் என்றொரு ஊர் இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே பழைய சந்தைச் சதுக்கத்தில் ‘சிவப்பு வீடு’ என்று ஒரு கட்டடம். அதன் முகப்பில் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார்கள்: ரோம் தோன்றுவதற்கு 1300 ஆண்டுகளுக்கு முன்பே ட்ரியர் இருந்ததாம். ரோம் பிறந்ததாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 753. கூட்டிப் பார்த்தால் கி.மு. 2053.

சுத்தப் பொய்.

போன வருஷம் வேலை விஷயமாக இரண்டு வாரம் ஜெர்மனிக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை ரயிலேறி ட்ரியர் போய் அந்த முகப்பைப் படமெடுத்து, எங்கள் வாசிப்புக் குழு வாட்ஸ்ஆப்பில் போட்டேன். கீழே ஒரு கமெண்ட்டும் எழுதினேன்: “இங்கேயும் இதே வியாதி.” சிரிப்பு ஸ்மைலிகள் வந்து விழுந்தன. குழுவில் மூத்தவரான ஓர் அண்ணன் மட்டும் இரவு வெகுநேரம் கழித்து எழுதியிருந்தார்: “பொய்யின்னு கண்டுபிடிச்சிட்ட தம்பி, சரி. நல்ல பொய்யா, கெட்ட பொய்யான்னு சொல்லலியே.”

அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பாலங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. நல்ல விரிசல் என்று ஒன்று கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய், ஏழெட்டு மாதம் அதிலேயே கிடந்தேன். இது அந்த அண்ணனுக்கு எழுதும் தாமதமான பதில். படிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது ஊரோ இனமோ நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பொய்யின் ஊற்று ‘கெஸ்டா ட்ரெவரோரும்’ என்ற லத்தீன் நூல். ட்ரியர் மக்களின் செயல்கள் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். சுமார் 1100 வாக்கில் ட்ரியர் மடாலயத் துறவிகள் எழுதத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்து எழுதினார்கள். நான் படித்தது ஜெர்மன் மொழிபெயர்ப்பை, அதுவும் அகராதியையும் இயந்திர மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதனால் நடையைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. கதையைப் பற்றிச் சொல்லலாம்.

கதை இதுதான். அசீரிய அரசன் நீனுஸுக்கு முதல் மனைவி வழியில் ஒரு மகன், பெயர் ட்ரெபேட்டா. நீனுஸ் பிறகு செமிராமிஸை மணக்கிறான். அவன் இறந்ததும் அதிகாரம் செமிராமிஸ் கைக்குப் போகிறது. மாற்றாந்தாய்க்கு அஞ்சி ட்ரெபேட்டா நாட்டைவிட்டு ஓடுகிறான். அலைந்து திரிந்து மோசல் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்கிறான். இடம் பிடித்துப்போகிறது. நகரத்தைக் கட்டுகிறான். அவன் பெயரே ஊருக்கும் மக்களுக்கும் ஆகிவிடுகிறது.

கதையாகப் பார்த்தால் ரொம்பச் சுமார். ட்ரெபேட்டாவுக்கு ஒரு தடுமாற்றம் கிடையாது, ஓர் இழப்பு கிடையாது, ஒரு நல்ல எதிரிகூடக் கிடையாது. செமிராமிஸ் போன்ற ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவனை ஊரைவிட்டு ஓட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரியம் முடிந்ததும் அவள் காணாமல் போய்விடுகிறாள். எழுதியவருக்குக் கதையில் ஆர்வமில்லை, தேதியில்தான் ஆர்வம் என்பது தெரிந்துவிடுகிறது. ஏன் அந்தத் தேதி என்பதற்கும் விடை இருக்கிறது. ட்ரியர், மைன்ஸ், கொலோன் மூன்றும் பேராயர் நகரங்கள். யார் மூத்தவர் என்ற போட்டி பல தலைமுறையாக நடந்துகொண்டிருந்தது. இதற்காகவே ஒரு போப்பின் பெயரில் போலிப் பத்திரமே தயாரித்தவர்கள் ட்ரியர்காரர்கள். ரோமைவிட மூத்த ஊர் என்று நிறுவிவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் என்ன பேச முடியும்?

இங்கேயே நிறுத்தியிருந்தால் என் வாட்ஸ்ஆப் கமெண்ட் சரிதான். ஆனால் எழுதிய துறவி எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ரோமர்கள் ட்ரியருக்குக் கட்டிய மதிலின் சுற்றளவு 6.4 கிலோமீட்டர். உள்ளே 285 ஹெக்டேர் நிலம். 1100-ல் இருந்த ஊர் அதற்குள் ஒரு மூலை. பெரிய அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப் பையன் மாதிரி. வடக்கு வாயிலான போர்ட்டா நிக்ரா, ‘கறுப்பு வாயில்’, சுமார் 30 மீட்டர் உயரம். சாந்தே இல்லாமல் மணற்கல் பாளங்களை அடுக்கி இரும்புப் பிணைப்புகளால் கோத்தது. சில பாளங்கள் ஆறு டன் வரை இருக்கும். இடைக்காலத்தில் இரும்புக்காகவும் ஈயத்துக்காகவும் அந்தப் பிணைப்புகளைத் தோண்டி எடுத்த ஓட்டைகள் இன்றும் கல்லில் இருக்கின்றன. நான் விரல் விட்டுப் பார்த்தேன். 11-ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற கிரேக்கத் துறவி அந்த வாயிலுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு தவமிருந்து 1035-ல் இறந்தார். வாயிலையே தேவாலயமாக மாற்றினார்கள். பிறகு நெப்போலியன் உத்தரவால் தேவாலயப் பகுதிகளை இடித்துப் பழைய வாயிலை வெளியே எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதைக் கட்டத் தெரியாதவனாக வாழ்வது எப்படி இருக்கும்? அந்தத் துறவியிடம் அகழாய்வு கிடையாது, கல்வெட்டியல் கிடையாது. கல் மட்டும் இருக்கிறது. கல்லைப் பார்த்து அவரே காரணம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இன்னொரு நூலில் இருக்கிறது. ‘ஆன்னோலீட்’, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட கவிதை. கொலோன் பேராயர் ஆன்னோவைப் புகழ்வது. அதில் ஒரு செய்தி வருகிறது. ட்ரியர்காரர்கள் நிலத்தடிக் கல்வாய்க்கால் வழியாகக் கொலோன் பிரபுக்களுக்கு வைன் அனுப்பினார்களாம். பூமிக்கடியில் வைன் குழாய்! படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த வாய்க்கால் நிஜம் என்று. ஐஃபெல் மலைப்பகுதியிலிருந்து கொலோனுக்கு ரோமர்கள் வெட்டிய நீர்க்கால்வாய் அது. சுமார் கி.பி. 80-ல் கட்டியது, நீளம் ஏறக்குறைய 95 கிலோமீட்டர், நாளைக்கு 20,000 கன மீட்டர் தண்ணீர். உறைபனியிலிருந்து காக்கப் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கொண்டுபோனார்கள். அது ட்ரியருக்கு வரவே இல்லை. ட்ரியர் இருக்கும் பக்கத்து மலைகளிலிருந்து புறப்படுகிறது, அவ்வளவுதான்.

இடைக்கால மனிதன் ஒருவன் காட்டில் இந்த வாய்க்காலைப் பார்க்கிறான். உள்ளே ஆள் நுழையலாம். சரிவு பிசகாமல் மலை மலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பெரிய வேலையை வெறும் தண்ணீருக்காக யாராவது செய்வானா? தண்ணீர்தான் ஊர்க் கிணற்றிலேயே இருக்கிறதே. அப்படியானால் உள்ளே ஓடியது விலையுயர்ந்த ஏதோ ஒன்று. மோசலில் விலையுயர்ந்தது எது? வைன். முடிவு தப்பு, ஆனால் ஒவ்வொரு படியும் சரி. கையில் கிடைத்த தடயத்தையும் தனக்குத் தெரிந்த உலகத்தையும் வைத்து ஒருவன் நேர்மையாகப் போட்ட கணக்கு அது. நானும் இடிந்த கான்கிரீட்டைப் பார்த்து இதைத்தான் செய்கிறேன், என்ன, சம்பளத்துக்குச் செய்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பல ஆண்டுகள் தண்ணீர் ஓடி வாய்க்காலுக்குள் படிந்த சுண்ணாம்பை இடைக்காலத்தவர்கள் வெட்டியெடுத்து, மெருகேற்றி, தேவாலயங்களில் பளிங்குத் தூணாக நிறுத்தினார்கள். கதையையும் தூணையும் அதே வாய்க்காலிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

இது நல்ல பொய். ட்ரெபேட்டா கதை கெட்ட பொய் என்பது என் வாதம். அதற்கு மரத்திடம் போக வேண்டும்.

மோசலில் ரோமர்கள் ஒரே இடத்தை ஒட்டி மூன்று பாலம் கட்டினார்கள். முதல் பாலத்தின் ஓக் மரக் கம்பங்கள் ஆற்றடியில் கிடைத்தன. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒல்லியாக. அந்த வரிசையைத் தேதி தெரிந்த மரங்களோடு பொருத்திப் பார்த்து, பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வரை எண்ணினால் எந்த ஆண்டில் வெட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். (நம்ம பக்கத்து மரங்களில் பெரும்பாலும் இது எடுபடாது. குளிர்காலம் என்று ஒன்று இருந்தால்தானே.) எர்ன்ஸ்ட் ஹோல்ஸ்டைன் என்பவர் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டே மத்திய ஐரோப்பிய ஓக் மரங்களுக்கான வளைய வரிசையை உருவாக்கி 1980-ல் வெளியிட்டார். முதல் பாலத்தின் மரம் கி.மு. 18/17-ல் வெட்டியது. 1984-ல் நகரம் தன் 2000-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. ஆக்ஸ்பர்க், கெம்ப்டன் ஊர்க்காரர்கள் ‘நாங்கதான் பழசு’ என்று இன்னும் சண்டைக்கு வருகிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

இரண்டாவது பாலம்தான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. கி.பி. 70-ல் ரைன் பகுதியில் பெரிய கலகம். ட்ரெவரி இனத் தலைவர்களும் அதில் சேர்ந்தார்கள். ரோமத் தளபதி செரியாலிஸ் ட்ரியருக்கு வந்து முகாமிட்டிருக்கும்போது விடியற்காலையில் கலகக்காரர்கள் தாக்குகிறார்கள். பாலம் கைமாறிவிடுகிறது. செரியாலிஸ் படுக்கையிலிருந்து எழுந்து கவசம்கூட இல்லாமல் ஓடிவந்து பாலத்தை மீட்கிறார். சொல்பவர் வரலாற்றாசிரியர் டாசிடஸ். மேடை நாடகம் மாதிரி இருக்கே, கொஞ்சம் மசாலா தடவியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஆற்றடியில் கிடைத்த இரண்டாவது பாலத்தின் மரம் எந்த ஆண்டு வெட்டியது தெரியுமா? கி.பி. 71. சண்டைக்கு அடுத்த ஆண்டு. டாசிடஸுக்கு அந்த மரத்தைத் தெரியாது, மரத்துக்கு டாசிடஸைத் தெரியாது. இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது பாலம் 2-ஆம் நூற்றாண்டின் நடுவில், கல் தூண்களோடு கட்டியது. அந்தத் தூண்களில் பலவற்றின்மேல் இன்றும் பஸ் ஓடுகிறது. போர்ட்டா நிக்ராவுக்கும் 2018-ல் தேதி கிடைத்தது. நகர மதிலோடு சேர்ந்த அடித்தள மரம், 169/170 குளிர்காலத்தில் வெட்டியது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, மரம் தீர்ப்பு சொல்லிவிட்டது, கேஸ் முடிந்தது என்றுதான் முதலில் இந்தக் கட்டுரையை எழுதினேன். அப்புறம் கிழித்துப்போட்டேன். மரம் சொல்வது, படை ஆற்றைக் கடக்கப் பாலம் போட்ட ஆண்டை. அந்தப் பள்ளத்தாக்கில் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லாது. 2000 ஆண்டு விழா கொண்டாடியது யாருடைய தொடக்கத்தை? ரோமப் படையின் தொடக்கத்தைத்தானே?

அங்கே இருந்தவர்கள் ட்ரெவரிகள். அவர்களின் பெரிய குடியிருப்பு ட்ரியரில் இல்லை. இன்றைய லக்சம்பர்க்கில் டிட்டல்பெர்க் குன்றின்மேல் இருந்தது. ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில் அவர்களில் இருவரைப் பெயரோடு காட்டுகிறார். இண்டூட்டியோமாரஸ் மாமனார், சிங்கெட்டோரிக்ஸ் மருமகன். மருமகன் ரோமோடு சேர்ந்துகொள்கிறான். மாமனார் எதிர்க்கிறார், மருமகனைப் பகைவன் என்று அறிவித்துச் சொத்தைப் பறிக்கிறார், கடைசியில் ரோமக் குதிரைப்படை அவரை ஆற்றுத்துறையில் பிடித்துக் கொன்று தலையை முகாமுக்குக் கொண்டுபோகிறது. மருமகன் கைக்குத் தலைமை போகிறது. சீசர் இதை ஒரு தளபதியின் வறட்டுக் குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் ஒரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. ஒரு வீடு, இரண்டு ஆண்கள், நடுவில் பெயர்கூடப் பதிவாகாத ஒரு பெண். அவளுடைய அப்பாவின் தலை, அவளுடைய கணவனின் பதவி.

இதைக் கையில் வைத்திருந்த ஊர், பாபிலோன் பக்கமிருந்து ஓடிவந்த இளவரசனைத் தன் மூதாதையாகத் தேர்ந்தெடுத்தது. ட்ரெபேட்டா கதை கெட்ட பொய் என்று நான் சொல்வது ஆண்டுக் கணக்குக்காக அல்ல. வைன் குழாய்க்காரன் கண்முன் இருந்ததை உற்றுப் பார்த்தான். ட்ரெபேட்டாவை எழுதியவர் கண்முன் இருந்ததிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கதையில் பள்ளத்தாக்கு காலியாக இருக்கிறது, இளவரசன் வந்து நிரப்பட்டும் என்று. ட்ரெவரி என்ற பெயரே அவன் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லும்போது, மாமனாரும் மருமகனும் அந்த மகளும் அசீரிய வாரிசுகள் ஆகிவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை, ட்ரெவரிகளே இந்த விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். தாங்கள் கால் இனத்தவர் அல்ல, ஜெர்மானிய ரத்தம் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு அலாதி ஆசை என்று டாசிடஸ் குத்திக்காட்டுகிறார். தோற்றுப்போன கால் இனத்தோடு சேர்த்துப் பேசப்பட அவர்களுக்கு விருப்பமில்லை. முந்நூறு ஆண்டு கழித்து, இளவயதில் ட்ரியரில் தங்கியிருந்த புனித ஜெரோம், ஆசியா மைனரில் வாழ்ந்த கலாத்தியரின் பேச்சு ஏறக்குறைய ட்ரெவரிகளின் பேச்சு மாதிரியே இருக்கிறது என்று எழுதிவைத்தார். கலாத்தியர் கெல்டிக் இனத்தவர். ஆக ரத்தத்தைப் பற்றி அவர்கள் என்ன சொல்லிக்கொண்டாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைசியாகச் சால்வியன். நான் படித்ததிலேயே பெரிய எழுத்தாளர் இவர்தான். நான் அதிகம் சண்டைபோட்டதும் இவரோடுதான். 4-ஆம் நூற்றாண்டில் ட்ரியர் பேரரசர்கள் தங்கிய ஊர். கான்ஸ்டன்டைன் அங்கிருந்து ஆண்டார். அவருடைய அரியணை மண்டபம், 67 மீட்டர் நீளச் செங்கல் கட்டடம், இன்றும் நிற்கிறது. 400 வாக்கில் நிர்வாகம் தெற்கே ஆர்ல் நகருக்குப் போய்விட்டது. அதன்பின் ஃபிராங்குகள் ஊரைத் திரும்பத் திரும்பச் சூறையாடினார்கள். அந்தப் பிணங்களைத் தான் நேரில் கண்டதாகச் சால்வியன் எழுதுகிறார். நாயும் பறவையும் பிய்த்த உடல்கள், அந்த நாற்றத்தால் பிழைத்தவர்களையும் தொற்றிய சாவு. அதற்குப் பிறகுதான் அவருடைய ஆத்திரம் வெடிக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சியிருந்த சில பெரிய மனிதர்கள் பேரரசரிடம் கேட்டது என்ன? சர்க்கஸ் பந்தயம் நடத்தித் தரும்படி. யாருக்காக, எந்தச் சாம்பல்மேல் நடத்துவீர்கள் என்று சால்வியன் அவர்களை வறுத்தெடுக்கிறார். ஆங்கிலத்தில் படித்தபோதே கை நடுங்கியது.

ஆனால் இரண்டாம் முறை படித்தபோது அந்த மனிதர்கள் பக்கம் மனசு போய்விட்டது. இது என் வாசிப்பு, சால்வியன் ஒத்துக்கொள்ள மாட்டார். ரோம நகரத்தில் சர்க்கஸ் என்பது வெறும் குதிரை ஓட்டம் இல்லை. பேரரசர் செலவழிக்கும் இடம், அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தும் இடம். நிர்வாகம் தெற்கே போய்விட்டது, மதிலுக்குள் பிணம் கிடக்கிறது. ‘எங்களை இன்னும் நகரமாக மதிக்கிறீர்களா?’ என்பதைத்தான் அவர்கள் சர்க்கஸ் என்ற வார்த்தையில் கேட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. முட்டாள்தனமான மனுதான். ஆனால் எழுநூறு ஆண்டு கழித்து, ஒரு பெரிய சட்டைக்குள் சின்ன ஊராக உட்கார்ந்து துறவி எழுதிய ட்ரெபேட்டாவும் கிட்டத்தட்ட அதே மனுதான். அதனால் அது நல்ல கதையாகிவிடாது. இப்போது அதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சிவப்பு வீட்டைக் கட்டிய ஆண்டு 1684. ஐந்தே ஆண்டில், 1689-ல், பிரெஞ்சுப் படைகள் பாலத்தின் வளைவுகளை வெடிவைத்துத் தகர்த்தன. தூண்கள் மட்டும் நின்றன. இரண்டாம் உலகப் போரில் வீடும் அழிந்தது. போருக்குப் பிறகு மறுபடி கட்டினார்கள். அதற்குள் அந்த 1300 கணக்கு பொய் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பழைய வாசகத்தையே முகப்பில் திரும்ப எழுதினார்கள். நான் படமெடுத்தது இந்தப் புது வீட்டைத்தான். அவசரத்தில் முதல் வாக்கியத்தோடு படத்தை வெட்டிவிட்டிருக்கிறேன். அதன் பின்னே இன்னொன்று இருக்கிறது, ஊர் நிலைத்து நிற்கட்டும், முடிவில்லாத அமைதியில் வாழட்டும் என்று.

போன வாரம் அண்ணனுக்கு முழுப் படத்தையும் அனுப்பி, “வைன் குழாய் நல்ல பொய், ட்ரெபேட்டா கெட்ட பொய், கடைசி வரி பொய்யே இல்லை” என்று எழுதினேன். பதில் உடனே வந்தது: “சரி, அந்தச் சால்வியனை இந்தப் பக்கம் தள்ளு, படிச்சிட்டுத் தரேன்.”